கறிக்குழம்பு மணத்த காணிக்கைப் பை

காணிக்கைப் பையை யாரும் மோந்து பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். சிவப்பு வெல்வெட்டில் தைத்து நீளக் கம்பில் மாட்டிய பை. அது என் வரிசைக்கு வரும்போதெல்லாம் காணிக்கை போடுகிற சாக்கில் குனிந்து மூக்கை நீட்டுவேன். பக்கத்தில் இருக்கும் மகள் சேலையைப் பிடித்து இழுப்பாள். இழுத்துவிட்டுப் போகட்டும். ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கோயிலில் இந்தப் பை ஆட்டுக்கறிக் குழம்பு மணத்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

திருச்சுழிக்கு அப்பால், நரிக்குடி ரோட்டோரத்தில் இருக்கிறது அந்த ஊர். அறுபதுகளின் கடைசியில் அங்கே வாக்கப்பட்டுப் போனேன். சர்ச் என்பதைக் கோயில் என்றுதான் சொல்வோம். கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் எனக்கு வாத்தியாரம்மா வேலை. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வதும் மற்ற நாளில் பள்ளிக்கூடம் நடத்துவதும் உபதேசியார் என்ற ஒரே மனிதர்தான். ஆள் ஒல்லி, பிடிவாதம் மட்டும் இரண்டு ஆளுக்கு இருந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை, பருத்தி எடுத்து முடிந்ததும் கோயிலில் அசனம் நடக்கும். ஊர்ச் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்கிற விருந்து அது. அன்று எந்த வீட்டிலும் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது. ஆனால் சேர்ந்து உண்பது என்பது பேச்சுக்குத்தான். கோயில் கட்டக் கல் சுமந்த மேலத்தெருக் குடும்பங்களுக்கு முதல் பந்தி, கீழத்தெருவுக்கு அடுத்த பந்தி. முதல் பந்தியின் முதல் இலை என் மாமனாருக்கு. அவர் கல் சுமந்தவரில்லை, அவருடைய தாத்தா சுமந்தார். கௌரவத்தைச் சுமந்தது மட்டும் இவர்.

அசனத்துக்கு முந்தின ஞாயிறு உபதேசியார் பிரசங்கத்தில் வெடியைக் கொளுத்திப் போட்டார். "உம்முடைய ராஜ்யம் வருகன்னு தினமும் ஜெபிக்கிறோம். அது வந்து நின்னா எந்தப் பந்தியில உக்கார வைக்கப் போறோம்? இந்த வருசம் ஒரே பந்திதான். மாட்டேன்னா நான் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போறேன்" என்றார்.

மாமனார் வீட்டுக்கு வந்ததும் துண்டை உதறினார். "நம்ம வீட்டு ஆளு ஒருத்தரும் அசனத்துக்குப் போகக் கூடாது." மேலத்தெரு முழுக்க அதே பேச்சு. கீழத்தெருவாவது போகும் என்று நினைத்தேன். அவர்களோ, "அவுக வராம நாங்க எப்புடி உக்காருறது?" என்று ஒதுங்கிக்கொண்டார்கள்.

அசனத்தன்று பெரிய அண்டாக்களில் சோறும் கறியும் ஆவி பறக்க, பந்தலில் ஒரு ஈ காக்காய் இல்லை. வீடுகளிலும் அடுப்பு இல்லை. வழக்கத்தை மீறி உலை வைக்க மேலத்தெருவுக்கும் தைரியமில்லை, கீழத்தெருவுக்கும் இல்லை. இரண்டு தெருவும் வெறும் வயிற்றோடு கதவைச் சாத்திக்கொண்டு குழம்பு வாசத்தை மோந்துகொண்டிருந்தது. மாமனார் வாசலில் கோயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். உபதேசியார் வீட்டு நடையில் பாயும் தலையணையும் சுருட்டிக் கட்டிக் கிடந்ததை நான் பார்த்தேன். அவர் நிஜமாகவே போய்விடுவார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போதுதான் அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடி போகும் மத்தியான பஸ் வந்தது. உபதேசியார் கோயிலுக்குள் ஓடி, கைக்குக் கிடைத்த காணிக்கைப் பையோடு வந்து நடுரோட்டில் நின்றார். சிவப்பைப் பார்த்து டிரைவர் பிரேக் போட்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஐயா, காணிக்கை போடச் சில்லறை இல்லய்யா" என்றார்.

"ஒண்ணும் போட வேணாம். எல்லாரும் எறங்குங்க, சாப்பிடணும்."

பைபிளில், விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வராததால் ரோட்டில் போகிறவர்களைக் கூட்டி வந்த ராஜாவின் உவமையைப் படித்தவர்கள் நிறையப் பேர். அதற்காக பஸ்ஸை மறித்தவர் அவர் ஒருத்தர்தான். சேலை மூட்டையோடு வந்த நெசவாளர்கள் தெலுங்கில் கலந்து பேசிவிட்டு இறங்கினார்கள். நரிக்குடிக்காரர் ஒருவர் தன் இரண்டு ஆடுகளைப் பந்தல்காலில் கட்டிவிட்டுக் கறிச்சோற்றுக்கு உட்கார்ந்தார். அந்த விருந்தில் சந்தோஷமில்லாமல் நின்றவை அந்த ஆடுகள் மட்டுமே.

மாமனார் மெல்லத் திரும்பினார். அவருடைய இடத்தில் டிரைவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏந்தாயி, அந்த டிரைவரு ரெண்டாந்தரம் கறி வாங்குறானா?"

"மூணாந்தரம் மாமா."

எழுந்தார். "நான் சாப்பிடப் போகல. அந்த அண்டா நம்ம வீட்டு அண்டா. எடுத்தாரப் போறேன்." அண்டா எடுக்க அவர் பின்னால் மேலத்தெரு முழுக்கப் போனது. மேலத்தெருவே போகிறது என்று கீழத்தெருவும் ஓடியது. போனவர்கள் எல்லாம் காலியான இடத்தில் குந்தினார்கள். யார் எந்தத் தெரு என்று பார்க்க நேரமில்லை, கறி தீர்ந்துவிடும் என்ற பயம். ராஜ்யம் அன்பினால் வரும் என்று படித்திருந்தேன். எங்கள் ஊருக்கு அது பசியினால் வந்தது.

மாமனாருக்குக் கிடைத்தது பந்தியின் கடைக்கோடி. டவுனிலிருந்து வாங்கி வந்த வாழையிலைகளில் அவருடையதுதான் கடைசி. உபதேசியார், அந்தப் பையின் கம்பை அக்குளில் இடுக்கியபடியே, எல்லோருக்கும் பரிமாறி முடித்து நின்றார். பையின் பாதி குழம்பில் நனைந்திருந்தது. அவருக்கு இலை இல்லை. மாமனார் நிமிர்ந்து பார்க்கவில்லை. சோற்றைக் கையால் ஒரு பக்கமாக ஒதுக்கி, இலையின் பாதியை உபதேசியார் பக்கம் தள்ளினார்.

"உக்காருங்க உபதேசியாரே. நின்னுக்கிட்டே இருந்தா கொழம்பு ஆறிரும்."

இருவரும் ஒரே இலையில் சாப்பிட்டார்கள். ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சாயங்காலம் உபதேசியார் மனைவி பாயைப் பிரித்துப் போட்டார்கள். பையைச் சீயக்காய் போட்டுத் துவைத்தார்கள். கறை போகவில்லை, வாசமும் பல ஞாயிறு போகவில்லை.

போன மாதம் மகள் இருக்கும் ஊரின் பெரிய சபையில் அசனம். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை என்று என் கையில் ஒரு சீட்டைக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினருக்குத் தனி அறை, மெத்தை நாற்காலி. ஆராதனையில் காணிக்கைப் பை வந்தது. வழக்கம்போல் மோந்தேன், ஒரு வாசமும் இல்லை. சீட்டை அதற்குள் போட்டுவிட்டு, வெளியே பொதுப் பந்தி வரிசையில் போய் நின்றேன். எனக்கு இலை கிடைத்தபோது கறி தீர்ந்து வெறும் குழம்புதான் இருந்தது. உபதேசியார் மேல் கோபம் கோபமாக வந்தது. பக்கத்து இலையில் இருந்த முன்பின் தெரியாத அம்மா என்னைப் பார்த்துவிட்டு, தன் கறியில் ஒரு துண்டை எடுத்து என் இலையில் வைத்தாள்.