பட்டர் பேப்பரில் ஒரு காட்டுமாடு

நான் வரைஞ்ச மொத மிருகம் ஒரு செத்த முள்ளம்பன்றி. பூண்டு வயல்ல வச்ச கம்பிச் சுருக்குல மாட்டி, கழுத்து பாதி அறுந்து கெடந்துச்சு. மத்தவங்க கறிக்குக் கத்தி தீட்டிட்டு நிக்க, நான் மட்டும் "கொஞ்சம் பொறுங்கய்யா, காலை இழுக்காதீங்க"ன்னு கத்திக்கிட்டே நோட்டுல கோடு போட்டுக்கிட்டிருந்தேன். இவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும். உயிரோட இருக்கிற பன்றி எனக்காக ஆடாம அசையாம நிக்குமா?

பூண்டியில நான் டைலர். ஜாக்கெட்டு, பள்ளிக்கூட யூனிபார்ம், ஸ்வெட்டருக்குக் கிழிசல் தைக்கிறது, இதுதான் என் சோலி. மெஷின் கெடக்கிறது சன்னலோரம். சன்னலுக்கு வெளியே எங்க கேரட் வயல், அதுக்கு மேல சோலைக்காடு. காட்டை விட்டு எது இறங்கினாலும் என் கண்ணுக்குத் தப்பாது. செந்நாய்க் கூட்டம் ஒரு கடமானை நின்ன நெலையிலேயே வயித்தைக் கிழிச்சுக் குடலை இழுத்ததைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சிருக்கேன். "அழகா ஒரு அணில், ஒரு குருவி வரையக்கூடாதா?"ம்பாரு எங்க வீட்டுக்காரர். எனக்கு அது வராது. நான் கோவக்காரி. பேனாவை அழுத்துற அழுத்துல தாள் கிழிஞ்சு, மை மேசையில இறங்கும். பல்லும் கொம்பும்தான் என் கைக்குச் சரியா வரும்.

நேரடியா மையில போட எனக்குத் துணிச்சல் கெடையாது. ஜாக்கெட்டுக்குப் பூவேலை எடுக்கிற வழியிலதான் படமும் போடுவேன். மொதல்ல பட்டர் பேப்பர்ல கறுப்புப் பென்சிலால அழுத்தி வரையணும். அதை நல்ல தாள் மேல கவுத்துப் போட்டு, கரண்டிக் காம்பால தேய்க்கணும். கோடு தாள்ல இறங்கிரும். அதுக்கு மேல மை. இப்படி எடுத்தா பூ இடம் வலமாத் திரும்பித்தான் விழும். ஜாக்கெட்டுல மாங்காய் இந்தப் பக்கம் வளைஞ்சா என்ன, அந்தப் பக்கம் வளைஞ்சா என்ன? இத்தனை வருசத்துல ஒருத்தியும் கேட்டதில்ல.

அந்தக் காட்டுமாட்டையும் அப்படித்தான் வரைஞ்சேன். பெரிய கெடா. வேறொரு கெடாவோட மோதி ஒரு கொம்பு பாதியில முறிஞ்சிருந்துச்சு. முறிஞ்ச இடத்துல ரத்தம் கட்டி, ஈ மொய்க்க, என் சன்னலுக்கு நேரா நின்னு மொறைச்சுச்சு. போன்ல எடுத்தா பனியில கறுப்பா ஒரு மூட்டைதான் விழும். அதனால தையலைப் போட்டுட்டு பட்டர் பேப்பரை எடுத்தேன். மையில முடிச்சேன். அப்படி ஒரு படம் நான் அதுக்கு முன்னாடி போட்டதில்ல. சுவத்துல ஆணி அடிச்சு மாட்டினேன், நாலு மாசம் தெனமும் பார்த்தேன். பார்க்கப் பார்க்க மாடு மறந்துபோச்சு, படம்தான் மனசுல நின்னுச்சு.

ஒருநாள் காலையில எங்க வீட்டுக்காரர் கேரட்டுக்குத் தண்ணி மாத்தப் போனாரு. குழாய்க்கிட்ட குனிஞ்சவரை அந்த மாடு பின்னாலருந்து தூக்குச்சு. நான் சன்னல்ல நின்னு பார்த்தேன். தொடையில கொம்பு ஏறி, மனுசன் ஒரு ஆள் ஒசரத்துக்குப் போயி விழுந்தாரு. விழுந்தவரை மறுபடி முட்டுச்சு. நான் கையில கெடச்ச இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஓடினேன், அடிவயித்துலருந்து கத்தினேன். அது என்னைப் பார்த்துச்சு, அப்புறம் அலட்டிக்காம மேல ஏறிப் போச்சு. மொட்டைக் கொம்பு. அந்தக் கெடாதான்.

ஜீப்புல அவரை ஏத்தும்போது என் சேலையெல்லாம் ரத்தம். கொழுந்தன், அவரோட தம்பி, அழுதுக்கிட்டே கேட்டாப்ல: "மதினி, எந்த மாடு? சொல்லுங்க, எந்த மாடு?" நான் வீட்டுக்குள்ள ஓடி, சுவத்துலருந்து படத்தைப் பிடுங்கி கொழுந்தன் கையில திணிச்சேன்.

"இதுதான். கொம்பைப் பார்த்துக்கங்க தம்பி. இது இனி இருக்கக்கூடாது."

நான் சொன்ன வார்த்தை அதுதான். ஆத்திரத்துல சொன்னேன்னு இப்பச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். செத்துத்தான் போகணும்னு நெனச்சுத்தான் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில அவருக்கு உயிர் தங்குச்சு, கால்தான் சந்தேகம்னாங்க. மூணாம் நாள் மாத்துத்துணி எடுக்க ஊருக்கு வந்தேன். ஊர் ஒரே கூச்சல். மத்தியானம்தான் மாட்டைச் சுட்டிருந்தாங்க. நாட்டுத் துப்பாக்கியில ரெண்டு குண்டு வாங்கியும் அது விழல, ஓடையில இறங்கி நின்னுருக்கு. அருவாளும் கடப்பாறையுமா இறங்கி வெட்டியிருக்காங்க. நான் போனப்போ ஓடைத் தண்ணி செகப்பா ஓடுச்சு. மாட்டுக்கு ஒரு கண்ணு இல்ல.

கொழுந்தன் என் படத்தை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னாப்ல. "பாருங்கடா, அச்சு அசலா அப்படியே இருக்கு! மதினி கை சாதாரணக் கையில்ல!" வெட்டின ஆளுகளெல்லாம் ரத்தக் கையோட படத்தையும் மாட்டையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. ஒரு பெரியவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாரு. கிறுக்குன்னு சொன்ன அதே வாய். வெக்கமில்லாம சொல்றேன், சந்தோசமாத்தான் இருந்துச்சு.

அப்புறம்தான் மாட்டை ஒழுங்காப் பார்த்தேன். அடிவயித்துல மடி தெரிஞ்சுச்சு. அது கெடா இல்ல, கெழட்டுப் பசு. கொம்பு முறிஞ்சது எந்தக் காலத்திலயோ; முறிஞ்ச இடம் தேஞ்சு வழவழன்னு இருந்துச்சு. முறிஞ்சது வலக்கொம்பு. படத்துலயும் வலக்கொம்புதான்.

நேரா வீட்டுக்கு வந்தேன். மெஷினுக்கு அடியில இருக்கிற பெட்டியைக் கவுத்து அந்த பட்டர் பேப்பரைத் தேடி எடுத்து, சன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். என் கண்ணால பார்த்து நான் வரைஞ்ச மாடு. அதுக்கு முறிஞ்சது இடக்கொம்பு. அடிப்பாவி, மாங்காய் திருப்புற மாதிரி மாட்டைத் திருப்பி வச்சிருக்கியேன்னு என் மண்டையிலேயே அடிச்சுக்கிட்டேன்.

கெடா உசுரோட மேலதான் நிக்குது. அது ஊருக்குத் தெரியணும், தெரியாட்டி நாளைக்கே இன்னொருத்தனைக் குத்தும். எனக்கு நல்லாவே தெரியும். வாசல் வரைக்கும் போனேன். வெளிய என் படத்தைக் கடைச் சுவத்துல ஒட்டி வச்சு ஆளாளுக்குப் போட்டோ எடுத்துக்கிட்டிருந்தாங்க. என் பேச்சைக் கேட்டு ஒரு பாவமும் அறியாத பசுவை வெட்டியிருக்காங்கன்னு எந்த வாயால சொல்றது? பேச்சு வளர்ந்து விசயம் ஃபாரஸ்ட்காரங்க காதுக்குப் போனா அத்தனை பேர் மேலயும் கேஸு வரும். காலையில ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறுறதுக்குள்ள சொல்லிக்கலாம்னு கதவைச் சாத்திட்டேன்.

மறுநாள் வெள்ளனே கொழுந்தன் தனியாவே கேரட் பிடுங்கப் போனாப்ல. மாடுதான் செத்துருச்சே, துணைக்கு ஆள் எதுக்குன்னாப்ல. நாயைக்கூட அவிழ்த்து விடல. பஸ்ஸுக்கு நான் பையைக் கட்டிக்கிட்டிருக்கும்போதே வயல்லருந்து சத்தம் கேட்டுச்சு. ஒரே ஒரு சத்தம். போய்ப் பார்த்தப்போ நெஞ்சுக்கூடு உள்ள இறங்கியிருந்துச்சு, வாயெல்லாம் மண்ணு. பக்கத்துல வரப்பை மிதிச்சு ஒடைச்சுக்கிட்டு பெரிய குளம்புத் தடம் மேல ஏறிப் போயிருந்துச்சு.

"ரெண்டு மாடு இருந்திருக்கு, யாரு கண்டா"ன்னு ஊர் தானா ஒரு நியாயம் சொல்லிக்கிட்டுச்சு. என்னை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு எல்லாரும் கெளம்பின பெறகு, என் ஓரகத்திக்கிட்ட, செத்தவர் பொண்டாட்டிக்கிட்ட, பட்டர் பேப்பரைக் காட்டி எல்லாத்தையும் சொன்னேன். அடிப்பான்னு நெனச்சேன். அடிச்சா வாங்கிக்கணும்னுதான் போனேன். அவ கூட்டின தரையையே மறுபடி கூட்டிக்கிட்டிருந்தா. வெளக்கமாத்தைக் கீழ போடவே இல்ல.

"அன்னைக்குச் சாயந்தரமே ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

"மறுநாள் காலையில அவரு ஒங்க சன்னலைத் தாண்டித்தான போனாரு?"

"ஆமா."

"ஒங்களைப் பார்த்தாரா?"

பார்த்தாப்ல. சன்னல்கிட்ட நின்னு, "அண்ணனைப் பத்திரமா கூட்டியாங்க மதினி, போயிட்டு வாரேன்"னு சொல்லிட்டுத்தான் போனாப்ல. நானும் சொன்னேன், "சரி தம்பி, வெரசா வாங்க"ன்னு.