கம்பிக் கதவின் நிழல் விழுந்த படலம்

பிள்ளைப்பேறு விடுப்பு முடிந்து ஸ்கூடாயிலுள்ள பல்கலைக்கழக ஆய்வகத்துக்குத் திரும்பிய பிறகு, முனைவர் படிப்பைத் தொடர்வதா விட்டுவிடுவதா என்று காரை நிறுத்தும்போதெல்லாம் யோசிப்பேன்.

என் வேலையை வெளியே சொன்னால் விளையாட்டுப்போல இருக்கும். மிருதுவான சிலிக்கோன் துண்டின்மேல் மிக மெல்லிய பாலிமர் படலம் பூசுவேன். புறஊதா ஒளி பட்ட இடம் இறுகிவிடும். பிறகு சூடாக்கி ஆறவிட்டால் இறுகிய இடத்தில் மட்டும் சுருக்கம் விழும். நிழலில் இருந்த இடம் வழவழப்பாகவே இருக்கும். குளித்து முடித்த என் மகளின் விரல் நுனியில் விழுவது போன்ற சுருக்கம்தான், ஆனால் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் தெரியும். எங்கே சொரசொரப்பு, எங்கே வழவழப்பு என்பதை ஒளியே தீர்மானிக்கும்.

இதைத் தேர்வுக் குழுவுக்குச் செய்து காட்டினால்தான் எனக்குக் கால நீட்டிப்பு. இல்லையென்றால் படிப்பு அத்தோடு சரி. குழு கூடும் நாளுக்கு முந்தின நாள் பூசியதில் ஒரே ஒரு படலம்தான் சரியாக வந்தது. அந்த நேரம் பார்த்துக் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன், பாப்பாவுக்கு உடம்பு சுடுகிறதாம். படலத்தை ஆய்வகத்தில் விட்டால் யாராவது திறந்து வெளிச்சம் பட்டுவிடுமோ என்று பயம். என் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, அலுமினியத் தாளைச் சுற்றி, வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

காலையில் எழுந்து வந்தால், பாப்பா வாசல் கம்பிக் கதவருகே பாயில் படுத்திருந்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. இளவெயில் படட்டும் என்று என் கணவர்தான் கிடத்தியிருந்தார். அவருக்குச் சிங்கப்பூரில் வேலை, அன்று லீவு. கதவோடு ஒட்டி என் டப்பா திறந்து கிடந்தது.

“என்னங்க, இத ஏன் தொறந்தீங்க?”

“நீ கடையில தப்பாவ் பண்ணிட்டு வந்த நாசி லெமாக் சோறுன்னு நெனச்சேன்லா. பார்த்தா ஏதோ ஒரு துண்டு. அதுக்குள்ள பாப்பா அழுதா, அப்படியே வச்சிட்டேன்.”

“அலமாக், போச்சே! அதுல வெளிச்சமே படக்கூடாதுங்க!”

“வெளிச்சம் பட்டாதான் வேலை செய்யும்னு நீதானே சொன்ன?”

டப்பாவை மூடித் தாளை மறுபடி சுற்றினேன். நான் ஆய்வைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் கைப்பேசியில் பந்தாட்டம் பார்க்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு பக்கம், படலம் பாழானதும் நல்லதுக்குத்தான் என்று தோன்றியது. காய்ச்சலில் கிடந்த பிள்ளையை விட்டுவிட்டு ஓட வேண்டாம். பாதியில் விட்டாள் என்று யாரும் பேசவும் முடியாது. அப்படித் தோன்றியதே எனக்குப் பிடிக்கவில்லை.

“கெளம்பும்மா,” என்றார் அவர். “போவாம இருந்துட்டு அப்புறம் வருசம் பூரா என்னையதான் திட்டுவ. பாப்பாவ நான் பார்த்துக்கிறேன்.”

ஆய்வகத்தில் அந்தப் படலத்தையே சூடாக்கி, ஆறவிட்டு, நுண்ணோக்கியின் அடியில் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். சாய்சதுரம் சாய்சதுரமாகச் சுருக்கங்கள். அவற்றுக்கு நடுவே வழவழப்பான பட்டைகள். எங்கள் வீட்டுக் கதவின் கம்பிகள்! வெயில் நகர்ந்ததால் ஓரங்கள் மட்டும் கலங்கியிருந்தன.

குழுவில் ஒருவர், ஒளியை மறைக்க எந்த அச்சைப் பயன்படுத்தினேன் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வீட்டுக் கதவு என்றேன். முதலில் யாரும் சிரிக்கவில்லை. நடந்ததைச் சொல்லி முடித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். ஒளி எவ்வளவு நேரம் பட்டது என்பது அடுத்த கேள்வி. அது எனக்குத் தெரியாது.

குழுவில் இருந்த என் ஆய்வு வழிகாட்டி தமிழ்ப் பெண்மணி. “வீட்டுக்காரருக்குப் போன் போடும்மா, ஸ்பீக்கர்ல வை,” என்றார்.

“எவ்ளோ நேரமா? பாப்பா பால் குடிச்சு ஏப்பம் விடுற வரைக்கும்,” என்றார் கணவர். “அவ மெதுவாதான் குடிப்பா, தெரியும்ல.”

வழிகாட்டி சிரிப்பில் கலங்கிய கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “வெயில் பண்ணத இனி நீ வெளக்குல பண்ணிக் காட்டணும். நிமிசக் கணக்கோட. ஆறு மாசம் தர்றோம், முடியுமா?”

“முடியும், டாக்டர்,” என்றேன். யோசிக்கவே இல்லை.

வெளியே வந்து மறுபடியும் கூப்பிட்டேன். “பாப்பாவுக்குச் சுடுதா?”

“இல்ல, தூங்குறா. நீ வேலைய முடிச்சிட்டு வா.”

சாதாரண நாளாக இருந்தால் அதற்குள் காரில் ஏறியிருப்பேன். அன்று திரும்பி உள்ளே போய், அடுத்த படலத்தைப் பூசி உலர வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.