வீடு மணக்குது

ஊரெல்லாம் முகக்கவசம் அணிந்திருந்த காலத்தில் எனக்கு வந்த காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. போகும்போது என் மோப்ப உணர்வையும் கொண்டுபோனது. திரும்பி வரும் என்றார் மருத்துவர், வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பதுளையில் இரசாயனவியல் கற்பித்தவன் நான். அமோனியாவையும் குளோரினையும் அறை வாசலிலேயே பிரித்தறிந்த மூக்கு, அதன்பின் கண்ணாடியைத் தாங்குவதற்கு மட்டுமே பயன்பட்டது.

அந்தக் குறையை நான் பெரிதாக உணராமல் இருந்ததற்குக் காரணம் என் மனைவி. எனக்கும் சேர்த்து அவரே முகர்ந்தார். நான் சமையலறையில் நின்றால் முன் அறையிலிருந்தே, "காஸ் மணக்குது, அடுப்பைப் பாருங்கோ" என்பார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால், "அந்தப் பால் மணக்குது, ஊத்துங்கோ" என்பார். நாங்கள் இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே ஊன்றியவர்கள். எங்கள் வீட்டுப் பேச்சில் மணக்குது என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும் என்று பொருள். நல்லதற்கு அவர் வாசம் என்ற சொல்லையே வைத்திருந்தார்.

பிறகு அவருடைய நுரையீரல் தளர்ந்தது. புகை எதுவும் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். ஊதுபத்தி, சாம்பிராணி, நுளம்புச் சுருள், கடையில் விற்கும் வாசனைத் தெளிப்பான்கள் எல்லாம் ஒரே நாளில் வீட்டைவிட்டுப் போயின. சுவாமி அறையில் விளக்கும் பூவும் மட்டும் எஞ்சின. சில வாரங்களில், "வீடு ஆசுபத்திரி வார்டு மாதிரி இருக்கு, எனக்கு இது பிடிக்கேல்லை" என்றார். அவர் எதையும் பிடிக்கவில்லை என்று சொல்வது அரிது.

அதற்கு வழி கண்டவர், வாரத்தில் இரண்டு நாள் எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணி. பசறை வீதியில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், இருப்பவர். இருபத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்து, முழங்கால் ஒத்துழைக்காததால் நின்றவர். என் மனைவி அவரைத் தங்கச்சி என்று அழைத்தார். நானும் அப்படியே அழைக்கிறேன். சாறு பிழிந்த தேசிக்காய்த் தோலையும் ஒரு கறுவாத் துண்டையும் இரண்டு ரம்பை இலையையும் சிறு சட்டித் தண்ணீரில் போட்டு மெல்லிய தீயில் வைப்பார் தங்கச்சி. புகையில்லை, ஆவி மட்டும். தண்ணீர் வற்றும்முன் அணைத்துவிட வேண்டும். அதுவரை அடுப்பைவிட்டு நகரக்கூடாது. குளியலறையில் ஒரு தட்டில் அப்பச்சோடா வைப்பது என் யோசனை. அது அமிலத்தன்மையுள்ள நாற்றங்களை எவ்வாறு நடுநிலையாக்குகிறது என்று விளக்கத் தொடங்கினேன். "வகுப்பு எடுக்காமல் தட்டை வையுங்கோ" என்றார் மனைவி. செலவு என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. அந்தச் சட்டி ஆவி விடும் காலைகளில் அவர் தலையணையில் சாய்ந்து, "இப்ப வீடு மாதிரி இருக்கு" என்பார். கடைசி ஐந்து மாதங்கள் அவ்வாறு கழிந்தன. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அவர் ஆசுபத்திரியில் காலமானார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குப் பின் எங்கள் மகள் கொழும்புக்குத் திரும்புமுன் வீட்டின் சன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். எல்லாவற்றையும் திறந்தபின் என் எதிரே வந்து அமர்ந்தாள்.

"அப்பா, வீடு ஒரு மாதிரிக் கிடக்கு. நீங்கள் தனிய என்னெண்டு சமாளிப்பியள்? எங்களோட வந்திருங்கோ."

"யோசிப்பம்" என்றேன்.

"சித்திரையில வாறன். வந்து பாத்து முடிவெடுப்பம்."

அவள் சொன்ன "ஒரு மாதிரி" என்பதன் பொருள் எனக்கு விளங்கியது. மனைவி வாழ்ந்த வீட்டில் நான் தொடர்ந்து இருக்கலாமா கூடாதா என்பது சித்திரையில், என்னால் அறிய முடியாத ஒன்றைக் கொண்டு தீர்மானிக்கப்படும். மகள்மீது எனக்கு வருத்தமில்லை. அவளுடைய இடத்தில் நானும் அதையே செய்திருப்பேன்.

நாற்றத்தை மூடி மறைப்பதில் பயனில்லை, காரணத்தை நீக்க வேண்டும் என்ற கொள்கையுடன் வேலையைத் தொடங்கினேன். மூடுபனி விலகியதும் சன்னல்களைத் திறந்து, மாலை ஈரம் இறங்குமுன் மூடினேன். திரைச்சீலைகளைத் துவைத்தோம். குளியலறைச் சுவரில் படிந்திருந்த பூஞ்சையைத் தேய்த்து எடுத்தோம். அந்த வேலையில் வெளுப்பானையும் கழிவறை கழுவும் அமிலத்தையும் ஒரே வாளியில் ஊற்றப்போன தங்கச்சியின் கையைப் பிடித்துத் தடுத்தேன். அதிலிருந்து எழும் வாயுவை நான் உணரமாட்டேன், அவரோ உணர்ந்து விலகுமுன் மூச்சுத் திணறியிருப்பார். காஸ் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே மாற்றி, சமைத்து முடிந்ததும் வால்வை மூடும் பழக்கத்தையும் ஏற்படுத்திக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தங்கச்சியிடம் கேட்டேன். "தங்கச்சி, உண்மையைச் சொல்லுங்கோ. வீடு மணக்குதோ?"

"நல்லா மணக்குதுங்க ஐயா" என்றார் மலர்ந்த முகத்துடன்.

நன்றி என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அமர்ந்தேன். அந்த மலர்ச்சியை, என் மனம் நோகாதிருக்க அவர் காட்டிய கருணை என்று எடுத்துக்கொண்டேன்.

மீண்டும் தொடங்கினோம். வடித்த தேயிலைச் சக்கையை நன்றாகக் காயவைத்து, துணியில் முடிந்து செருப்பு வைக்கும் தட்டில் வைத்தேன். ஈரத்தோடு வைத்தால் அதுவே பூஞ்சை பிடிக்கும். அடுப்புக்கரியைத் திறந்த தகரத்தில் மூலைகளில் வைத்தேன். தங்கச்சி, தோட்டத்துக்கு மேலே புல்மலையில் வளரும் வாசனைப் புல்லான மானாப்புல்லைக் கட்டாகக் கொண்டுவந்து கசக்கிக் கதவுகளின் பின்னால் கட்டினார். நான் ஒவ்வொரு கட்டையும் அளந்து பார்த்து நின்றதைக் கண்டு, "என்னங்க ஐயா, பெரட்டுக்களத்துல கணக்கப்பிள்ளை நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. என் பேரு போட்டாச்சா?" என்று, தோட்டத்தில் காலையில் வேலையாட்களின் பெயர் பதியும் இடத்தை நினைத்துச் சிரித்தார்.

"இப்ப எப்பிடி?"

"முந்தியவிட மணக்குதுங்க. வாசல்லயே தெரியுது."

மகள் வர எட்டு நாள் இருந்தது. நான் திறக்காத இடம் ஒன்றே மிச்சம்: மனைவியின் அலுமாரி. காரணம் அங்கேதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகத்தருகே வைத்துப் பார்த்தேன். எதுவும் தெரியவில்லை; தெரியாது என்பது முன்பே தெரியும். முதியோர் இல்லமொன்றுக்குக் கொடுப்பதற்காக அவற்றை அட்டைப் பெட்டிகளில் அடுக்கினேன். இரண்டாவது பெட்டி நிறையும்போது தங்கச்சி வந்துவிட்டார்.

"ஐயோ, அம்மாவோட சேலையெல்லாம் எங்கங்க போகுது?"

"குடுக்கப் போறன். வீடு மணக்குது எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

"மணந்தா எதுக்குங்க குடுக்கணும்?"

அவர் என்னையும் பெட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயா... நாறுதுன்னா நெனச்சீங்க? நாறுனா நாறுதுன்னு சொல்லமாட்டேனா? வாசமா இருக்குன்னுதாங்க அத்தனை தடவை சொன்னேன்!"

சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை ஆண்டுகள் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவன் நான். அந்தச் சொல் அவர்கள் வாயில் நறுமணத்தைக் குறிக்கும் என்பதை நன்றாக அறிவேன். அறிந்திருந்தும், அச்சம் வந்தபோது என் மனைவியின் குரலில்தான் அது எனக்குக் கேட்டது.

"அப்ப நாறுறது எதுவும் இல்லையோ?" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "ஒன்னு இருக்குங்க. சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கோ."

"நீங்க போட்டிருக்கிற கம்பளிச் சட்டைதாங்க. மகள் வந்தப்பவும் இதைத்தான் போட்டிருந்தீங்க."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"நீங்க வீட்டைத்தானே கேட்டீங்க!"

அது மனைவி ஆசுபத்திரியில் இருந்த கடைசி நாட்களில் நான் அணிந்திருந்த சட்டை. அதை அதுவரை ஏன் துவைக்கவில்லை என்பதை இங்கே எழுதத் தேவையில்லை. கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பற்றி மேலும் ஒரு வார்த்தை பேசாமல் இளஞ்சூட்டு நீரில் ஊறவைத்தார். சேலைகளை இருவரும் திரும்ப அடுக்கினோம். எது எந்தத் தட்டில் இருந்தது என்பது என்னைவிட அவருக்கே நினைவிருந்தது.

சித்திரையில் மகள் வந்தாள். முன் அறையில் சிறிது நேரம் நின்றாள். பிறகு தாயின் அலுமாரியைத் திறந்து அதன் முன்னே அமர்ந்தாள். நான் கூடத்துக்குப் போய்விட்டேன். பின்னர் சமையலறையில் அவளும் தங்கச்சியும் பேசுவது கேட்டது. சட்டியில் என்ன போடுகிறீர்கள், எவ்வளவு நேரம் என்று அவள் கேட்டாள். மணக்குது கதையைத் தங்கச்சி சொல்லிக்கொண்டிருந்தார், நான் செய்யாத சிலவற்றையும் சேர்த்து. அந்த வீட்டில் மகளின் சிரிப்பை நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

இரண்டு நாளுக்கு வந்தவள் ஐந்து நாள் தங்கினாள். கொழும்பு ரயில் புறப்படுமுன் சன்னல் வழியே, "ஆவணி விடுமுறைக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாறன் அப்பா. ரெண்டு கிழமை நிப்பம்" என்றாள். கொழும்புக்கு வரச் சொல்லவில்லை.

இந்த முதுமையில் எனக்குக் கிடைத்தவற்றை நான் குறைத்து மதிப்பதில்லை. என் மனைவி ஆசுபத்திரிக்குப் போகும்வரை தன் வீட்டில் இருப்பதாகவே உணர்ந்தார். அதற்கு நான் கடமைப்பட்டிருப்பது ஒருவருக்குத்தான். அதை நேரில் சொன்னால் அவர் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அன்று நிலையத்திலிருந்து திரும்பியபோது தங்கச்சி கேட்டார். "மகள் என்னங்க சொன்னாங்க?"

"ஆவணியில பிள்ளைகளோட வருகினமாம்."

"அப்போ பின் அறை மெத்தைய வெயில்ல போடணும்ங்க."

"ஆவணிக்கு இன்னும் நாலு மாசம் கிடக்கு, தங்கச்சி."

"இருக்கட்டுமே. இன்னைக்கு வெயில் இருக்குல்ல? பிடிங்க."

நான் மெத்தையின் மறுமுனையைப் பிடித்தேன்.