பெரிய தண்ணீரெல்லாம் உப்பு

எங்கள் கப்பல் கம்பெனித் துரை ஆண்டுதோறும் வடக்கே ஏதோ ஓர் ஏரிக்கரைக்கு நாயோடு போய் ஒரு மாதம் தங்கிவிட்டு வருவார். திரும்பும்போது துரை சிவந்திருப்பார், நாய் பளபளப்பாக இருக்கும். துரையிடமிருந்து நான் கற்றுக்கொள்ளத் தவறிய நல்ல பழக்கங்கள் அநேகம். இந்த ஒன்றை மட்டும் யுத்த காலத்தில் ஒரு தை மாதம் செய்து பார்த்தேன். என் வசதிக்கு வடக்கு என்பது ஓட்டப்பிடாரத்தைத் தாண்டி இரண்டு மைல். ஏரி என்பது கண்மாய்.

உல்லாசமாகப் போகவில்லை. என் நாய் சாகக் கிடந்தான். சிறுநீர் சரியாகப் போகாமல் நாலு நாளாகச் சுருண்டே கிடந்தான். மாட்டு டாக்டர் அவன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார்.

"இந்த ஊர்க் கெணத்துத் தண்ணி மனுசனுக்கே ஆகாது. நல்ல தண்ணி இருக்கிற இடமாப் பாத்துக் கூட்டிட்டுப் போங்க. வயிறு முட்டக் குடிச்சான்னா பொழைச்சுக்கிடுவான்" என்றார்.

குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

தூத்துக்குடியில் நல்ல தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். அதில் நாய்க்கும் ஒரு பங்கு என்றால் தெருவே திரண்டு வந்துவிடும். ஆகவே, 'குடும்பத்தில் ஒருவருக்கு உடல்நலமில்லை' என்று எழுதிப் பத்து நாள் விடுப்புக் கேட்டேன்.

"யாருக்கு?" என்றார் ஹெட்கிளார்க்.

"கடைக்குட்டிக்கு."

எங்களுக்குப் பிள்ளை கிடையாது என்பது அவருக்குத் தெரியும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நல்ல மனிதர்.

யுத்தத்தால் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடும் பஸ். நாயை ஏற்ற மாட்டேன் என்றான் கண்டக்டர். நான் சட்டம் பேச வாயைத் திறப்பதற்குள் என் மனைவி முந்திக்கொண்டாள்.

"ஏலே, நாயின்னு பாக்காத. சீக்காளின்னு பாரு. எறக்கி விட்டா பாவம் சுத்தும்லே."

அவன் அதற்குப் பிறகு எங்கள் பக்கமே திரும்பவில்லை.

நண்பர் ஒருவரின் பூட்டிக் கிடந்த வீடு கண்மாய்க் கரையில் இருந்தது. மழை நன்றாகப் பெய்த வருஷம். எதிர்க்கரை தெரியாத அளவுக்குத் தண்ணீர், நடுவே கருவேல மரங்களின் தலை மட்டும், தலைக்கு ஒரு கொக்கு. இதைப் பார்த்தால் செத்த நாயும் எழுந்து குடிக்கும் என்று எண்ணினேன். எங்கள் நாய் தள்ளாடிக்கொண்டு கரை வரை போனான். தண்ணீரைப் பார்த்தான். ஒரு தும்மல் போட்டான். திரும்பி வந்து அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான்.

அவன் கண் முன்னாலேயே சட்டியில் மொண்டு வைத்தோம். மரியாதைக்கு இரண்டு நக்கு நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாளும் இதே கதை. மடை காக்கிறவர் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வேடிக்கை பார்த்தார். ஏறக்குறைய என் வயதுதான் அவருக்கு.

"என்ன அண்ணாச்சி, தூத்துக்குடி நாய் சோடாதான் குடிக்குமோ?"

சிரிக்க முயன்றேன், வரவில்லை. அன்று சாயங்காலம் நாய் வாலை ஆட்டுவதையும் நிறுத்தியிருந்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கஞ்சியை வாயில் வைத்தேன். சப்பென்று இருந்தது.

"ஏளா, உப்பே போடலியா?"

"எப்பவும் போடுத அளவுதான் போட்டேன். வீட்டுல தண்ணியிலேயே பாதி உப்பு கெடக்கும். அந்த நெனப்புல போட்டுட்டேன்."

கஞ்சிக் கும்பாவோடு எழுந்து நின்றுவிட்டேன். அவளுக்கு இருக்கும் நினைப்புதானே அவனுக்கும் இருக்கும்! துறைமுகத்தில் சங்கு சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்குப் பின்னால் குட்டியாக நான் எடுத்து வந்த நாய். ஒரு வெயில் நாளில் கடலைத் தண்ணீர் என்று நம்பிக் குடித்துவிட்டு நாள் முழுக்கக் கக்கினான். கரை தெரியாத தண்ணீரில் வாய் வைக்கக் கூடாது என்பது அவன் பட்டுப் படித்த பாடம். மொண்டு வைத்த சட்டியையும் அவன் நம்பவில்லை. எங்கிருந்து மொண்டோம் என்று பார்த்துக்கொண்டுதானே இருந்தான்!

இதை அவனுக்கு எப்படி விளக்குவது? கும்பாவைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு நடந்தேன். தூக்கும்போது அவ்வளவு லேசாக இருந்தான். தண்ணீரோரம் அவனை விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, நாலு காலில் நின்று, கண்மாயில் வாயை வைத்து உறிஞ்சிக் குடித்தேன். காய்ச்சாத தண்ணீரைத் தொடாதவன் நான். பதினெட்டு வருஷ உத்தியோகத்தில் இப்படி ஒரு பணிவை எந்தத் துரைக்கும் காட்டியதில்லை.

"இங்கன வந்து பாருங்கடே, தூத்துக்குடிக்காரரு தண்ணி குடிக்காரு!" என்று மடைக்காரர் ஊரைக் கூப்பிட்டார். துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் நிமிரவில்லை. கக்கப்போகிறேன் என்று நாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கக்கவில்லை. என் தாடையிலிருந்து சொட்டியதை நக்கினான். யோசித்தான். பிறகு என் பக்கத்தில் வந்து, தலை குனிந்து, குடிக்க ஆரம்பித்தான். மூச்சு வாங்க நிறுத்துவதும் குடிப்பதுமாக, வயிறு புடைக்கும் வரை குடித்தான்.

சாயங்காலம் அவனே எழுந்து நடந்தான். பனைமரத்தில் சாத்தியிருந்த மடைக்காரரின் மம்பட்டியை மோந்து பார்த்தான். காலைத் தூக்கினான்.

"ஏலே, ஏலே! என் மம்பட்டி!" என்று ஓடி வந்தார் அவர்.

"சத்தம் போடாதீய அண்ணாச்சி!" என்று என் மனைவி குறுக்கே போய் நின்றாள். கண்ணில் நீர் வழிந்தது, வாய் சிரித்தது. "பயந்து நிறுத்திரப் போறான். முடிக்கட்டும்."

வெகு நேரம் ஆயிற்று. மூவரும் காத்திருந்தோம்.

மிச்சமிருந்த ஏழு நாளும் அந்த மம்பட்டியைக் கழுவுகிற வேலை என்னுடையதாயிற்று.