சேலையோடு நீந்தக் கற்றுத்தரும் மேடம்

இரண்டு வருடங்களுக்கு முன், ஓர் ஆடிப்பெருக்கு நாளில் நடந்தது இது. மைசூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றையும் போல நாங்களும் ஆடி பதினெட்டுக்கு ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் காவிரிக்குப் போய்விடுவோம். அன்று புளியோதரை, தயிர்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு என் மாமியார், ஓரகத்தி, நான், என் நாலு வயது மகள் எல்லோரும் படித்துறையில் இறங்கிவிட்டோம். ஆண்கள் வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிருந்தார்கள்.

அந்த வருடம் அணையில் தண்ணீர் அதிகம் திறக்கவில்லை. ஆறு சாதுவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் எனக்கு மனசு அடித்துக்கொண்டது. குழந்தையை மேல்படியிலேயே உட்கார வைக்கலாமா என்று கேட்டேன். “நல்ல நாளும் அதுவுமா பொட்டப்புள்ள காவேரியில கால் நனைக்காம போறதா?” என்றார் மாமியார். சரி என்றுவிட்டேன். நான் அப்படித்தான். முதலில் பயப்படுவேன், பிறகு சரி என்பேன், அதற்கப்புறம் ஏன் சரி என்றோம் என்று நாள் முழுக்க யோசிப்பேன்.

ஆற்றில் இறங்கும்போது பெண்கள் கைகோத்துக்கொள்வோம் இல்லையா? அன்றும் அப்படியே இறங்கினோம். ஒரு கையில் மகள், இன்னொரு கையில் ஓரகத்தி. மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி எல்லாவற்றையும் தண்ணீரில் விடக் குனிந்த ஓரகத்திக்குப் பாசிப் படியில் கால் வழுக்கியது. அவர் என்னைப் பிடித்து இழுக்க, நான் மகளை இழுக்க, மூன்று பேரும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனோம். கோத்த கைகளே எங்களை உள்ளே கொண்டுபோயின. அடுத்த நொடி என் கையில் மகள் இல்லை.

கரையிலிருந்து ஒரு பெண் குரல் மட்டும் கேட்டது. “கையை விடுங்க! எல்லாரும் கையை விடுங்க!”

கல்லூரி வயதுப் பெண்கள் இருவர் படியில் குப்புறப் படுத்துக்கொண்டு, நுனியில் முடிச்சுப் போட்ட ஒரு சேலையை எங்களை நோக்கி வீசினார்கள். அதைப் பிடித்துத்தான் நானும் ஓரகத்தியும் கரையேறினோம். நான் திரும்பிப் பார்த்தபோது கண்ட காட்சி இன்னும் அப்படியே இருக்கிறது. நடு ஆற்றில் ஒரு பெண்மணி மல்லாந்து மிதந்து வந்துகொண்டிருந்தார். அவரும் சேலைதான் கட்டியிருந்தார். அவர் நெஞ்சின் மேல் என் மகள் கிடந்தாள். ஏதோ வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பவர் போல, அவசரமே இல்லாமல், கால்களை மட்டும் மெல்ல அசைத்தபடி கரைக்கு வந்தார்.

மகள் இருமி, தண்ணீரைக் கக்கி, ஓவென்று அழுதாள். நான் அவள் வாயைப் பொத்தப் போனேன்.

“அழுவட்டும் விடுங்க. அழுவுறதுக்கு மூச்சு வேணுமில்லீங்களா? அந்த மூச்சு வந்துருச்சு. இப்பவே ஆஸ்பத்திரியில ஒருக்கா காட்டிருங்க” என்றார். நான் மகளைத் துவட்டித் தோளில் போட்டுக்கொண்டேன். நன்றி சொல்ல நிமிர்ந்தபோது அவர் அடுத்த படித்துறைப் பக்கம் போயிருந்தார். மைசூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற மேடம் என்று பூ விற்கிற அம்மா சொன்னார்.

மருத்துவமனையில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் அதற்குப் பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது. மகள் தலையில் தண்ணீர் ஊற்றவே விடவில்லை. தண்ணீர் மக்கைத் தூக்கினாலே அலறுவாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டே நாட்களை ஓட்டினேன். மழை பெய்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். மாமியார் ஜாதகத்தைக் காட்டிவிட்டு வந்து, குழந்தைக்குத் தண்ணீரில் கண்டம் இருக்கிறதாம், ஏழு வயது முடியும்வரை ஆறு, குளம் எதுவும் கூடாது என்றார். என் கணவரோ, நீச்சலில் சேர்த்தால்தான் பயம் தெளியும் என்றார். இருவரும் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டுமே சரி என்று தோன்றும், இரண்டுமே தவறு என்றும் தோன்றும்.

எதை முடிவு செய்யாவிட்டாலும் நன்றியாவது சொல்ல வேண்டும் என்று, தட்டில் பழமும் ஒரு பட்டுச்சேலையும் வைத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை அந்தக் கல்லூரிக்குப் போனேன். மகளையும் கூட்டிப் போயிருந்தேன். நீச்சல்குளம் பின்பக்கம் இருந்தது. குளோரின் வாசனை வந்ததுமே அவள் என் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

மேடத்துக்கு என் வயதுதான் இருக்கும். இரண்டு மூன்று வயது கூடுதலாக இருக்கலாம். சேலையைத் தடவிப் பார்த்து, “அருமையா இருக்குதுங்க. ஆனா தண்ணிக்கு ஆகாது. பட்டு நனைஞ்சா கல்லைக் கட்டுன மாதிரி இழுக்கும்” என்றார். யாராவது பட்டுச்சேலையை இப்படிப் பாராட்டிக் கேட்டிருக்கிறீர்களா?

பேச்சோடு பேச்சாக, குழந்தையைச் சேர்க்கலாமா என்று நான் ஆரம்பித்தேன். அதோடு என் சுபாவம் தலைதூக்கிவிட்டது. உயிரைக் காப்பாற்றியவரையே உட்கார வைத்து நேர்முகத் தேர்வு நடத்தத் தொடங்கிவிட்டேன்.

“நீங்க எங்க கத்துக்கிட்டீங்க?”

“கெணத்துலங்க.”

என் முகம் போன போக்கைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “பயப்படாதீங்க. நீந்தத்தான் கெணத்துல கத்துக்கிட்டேன். கத்துக்குடுக்கறதுக்குப் படிச்சிருக்கேன்.”

“தேசிய அளவுல ஜெயிச்சிருக்கீங்களா?”

“யுனிவர்சிட்டியில மூணாவது வந்தேனுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “மொத்தமே நாலு பேருதான் நீந்துனோம்” என்றார்.

அப்புறம் நான் கேட்கக் கேட்க, தன் கதையை ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர் தாலுகாவில் ராமாபுரம் பக்கம் சொந்த ஊர். ஓட்டப்பந்தய வீராங்கனையாக விளையாட்டு ஒதுக்கீட்டில் இதே கல்லூரியில் சேர்ந்திருக்கிறார். முழங்கால் போனது. கால் தேறுவதற்காகத் தண்ணீரில் நடக்கச் சொன்னார்களாம். நடக்கப் போனவர் நீந்த ஆரம்பித்துவிட்டார். தலையைத் தூக்கிக்கொண்டு கிணற்று நீச்சல் அடித்ததைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வகுப்பில் அவர்களோடு வரிசையில் நின்று, தண்ணீருக்குள் மூச்சு விடுவதிலிருந்து கற்றிருக்கிறார்.

படிப்பு முடிந்ததும் ஒரு ஓட்டல் நீச்சல்குளத்தில் பெண்கள் நேரத்துக்குக் காவல் வேலை. “காவல்னு பேரு. துண்டு எடுத்துக் குடுக்கறதுதான் வேலை” என்றார். அங்கே காலை மட்டும் நனைத்துவிட்டுப் போகிற பெண்களைக் கெஞ்சிக் கெஞ்சித் தண்ணீரில் இறக்கியிருக்கிறார். அதிலிருந்து ஒரு கிளப்பில் பயிற்சியாளர் வேலை கிடைத்தது. பிறகு உடற்கல்விப் பட்டம், அதன்பின் இந்தி ஒரு வார்த்தை தெரியாமல் வடக்கே போய்ப் பயிற்சியாளர் படிப்பு. கடைசியில் தான் படித்த கல்லூரிக்கே ஒப்பந்த வேலையில் வந்து சேர்ந்தார். நீச்சல் உடைக்குச் சம்மதிக்காத பெற்றோர் வீடுகளுக்கெல்லாம் போனார். கழுத்திலிருந்து கணுக்கால்வரை மூடும் உடையைத் தையல்காரரிடம் தானே சொல்லித் தைத்து வாங்கினார். மெல்ல மெல்ல அந்தக் கல்லூரிப் பெண்கள் கோப்பைகள் வாங்கத் தொடங்கினார்கள். வேலை நிரந்தரமானது. மாநில அணிக்குப் பயிற்சி தரவும் அழைப்பு வந்தது.

அந்த நேரத்தில்தான் அவருடைய மிகச் சிறந்த மாணவி இறந்துபோனாள். குளத்தில் மெடல் மெடலாக வாங்கிய பெண். ஊர்த் திருவிழாவுக்குப் போனவள், ஆற்றில் வழுக்கி விழுந்த தங்கையை எடுக்கக் குதித்திருக்கிறாள். தங்கையைக் கரைக்குத் தள்ளிவிட்டாள். பாவாடை தாவணி காலைச் சுற்றிக்கொண்டதால் அவளால் வர முடியவில்லை.

“அவ நீச்சல்ல நான் ஒரு குறையும் வெக்கலீங்க. அவ துணியைப் பத்தி மட்டும் யோசிக்காம விட்டுட்டேன்” என்றார் மேடம். “பொம்பளைங்க ஸ்விம்மிங் சூட் போட்டுக்கிட்டா ஆத்துல விழறோம்?”

அன்றிலிருந்து சனிக்கிழமை வகுப்பு மாறியது. எல்லோரும் வீட்டில் என்ன கட்டுவார்களோ அதோடு தண்ணீரில் குதிக்க வேண்டும். நான் போனதும் ஒரு சனிக்கிழமைதான். பேசிக்கொண்டிருக்கும்போதே சேலை, தாவணி, சுடிதார் என்று கலர் கலராகப் பெண்கள் வரிசையாக வந்து தொப் தொப்பென்று குதித்தார்கள். ஏதோ கல்யாண வீட்டையே குளத்தில் தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. “கொசுவத்தை உருவு! முதல்ல கொசுவத்தை உருவு! அப்புறம் மல்லாக்கப் படு!” என்று கரையிலிருந்து கத்திக்கொண்டே என்னோடும் பேசினார்.

நூல் போய் வடிகட்டியை அடைக்கிறது என்று நிர்வாகத்துக்குக் கோபம். சேலை நீச்சல் என்று ஒரு போட்டி எந்த நாட்டிலாவது இருக்கிறதா என்று கல்லூரி முதல்வர் கேட்டாராம். “போட்டி இல்லீங்க, ஆனா ஆறு இருக்குது” என்று சொல்லிவிட்டு, வடிகட்டியைத் தானே கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். மாநில அணியின் பயிற்சி முகாமும் சனிக்கிழமைகளில்தான். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றதும், மாநில அணியை விட்டுவிட்டார். அவரிடம் உதவியாளராக இருந்தவர்தான் இப்போது அந்த அணியோடு வெளிமாநிலமெல்லாம் போய்வருகிறார்.

“வருத்தமா இல்லையா?” என்று கேட்டுவிட்டேன்.

“இல்லேன்னா பொய்யுங்க. டிவியில பாத்தா வயிறு எரியத்தான் செய்யுது. எரிஞ்சுட்டு இருக்கும்போதே சனிக்கிழமை வந்துருது.”

அன்றைக்கு நீங்கள் தற்செயலாக அந்தப் படித்துறைக்கு வந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்றேன். குளத்திலிருந்து ஏறி முந்தானையைப் பிழிந்துகொண்டிருந்த ஒரு பெண் குறுக்கே புகுந்தாள்.

“தற்செயலாவா? ஆண்ட்டி, ஆடி பதினெட்டு நமக்கு டியூட்டி! வருஷா வருஷம் ஒவ்வொரு படித்துறைக்கும் ரெண்டு ரெண்டு பேரா பிரிச்சு நிக்க வெச்சிடுவாங்க. சேலை கட்டிட்டு வரணும், இல்லன்னா ஜனங்க வித்தியாசமா பாப்பாங்களாம். புளியோதரை கூடக் கிடையாது, கொத்தா, தெரியுமா?”

“ஏய், சும்னிரு!” என்று கன்னடத்தில் அவள் வாயை அடைத்தார் மேடம். அவர் முகம் சிவந்துவிட்டது.

என் மகள் பிழைத்தது அதிர்ஷ்டம் என்றும், தெய்வம் என்றும், பூர்வபுண்ணியம் என்றும் இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருத்தி யோசித்து, திட்டம் போட்டு, எனக்காக அங்கே நின்றிருந்தாள் என்பது தெரியவே தெரியாது.

கிளம்பும்போது மேடம் மெதுவாகக் கேட்டார். “அன்னிக்குத் தண்ணிக்குள்ள, பாப்பா நழுவுன அந்தக் கை என்ன பண்ணுச்சுன்னு ஞாபகம் இருக்குங்களா?”

யோசித்தேன். என் சேலை மேலே எழும்பிவிடாமல் முழங்காலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது அந்தக் கை. குழந்தை போய்க்கொண்டிருந்தது, நான் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“எல்லாரும் அதைத்தானுங்க பண்றாங்க. சின்ன வயசுலேர்ந்து பழக்கிட்டாங்க, கை தானா போயிருது. அந்தக் கையைத்தான் நான் பழக்குறேன்” என்றார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜோசியர் பேச்சை மீறலாமா என்று நடுங்கிக்கொண்டேதான், “தண்ணில கண்டம்னா, தண்ணியைக் கத்துக்கறதுதானே அத்தை பரிகாரம்?” என்றேன். அவர் பேத்தியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“குழந்தையை நெஞ்சு மேல போட்டுக்கிட்டு வந்தாளே, அந்தப் பொண்ணா சொல்லித்தரப் போறா?”

“அவங்கதான் அத்தை.”

“அப்ப நானும் வந்து உக்காந்து பாக்கறேன்.”

அடுத்த சனிக்கிழமை மூவரும் போனோம். மேடம் என் மகளைப் பக்கத்தில்கூடக் கூப்பிடவில்லை. “பாப்பா பாட்டி மடியில உக்காரட்டும். நீங்க இறங்குங்க” என்று என்னிடம் சொன்னார். நான் எதிர்பார்க்கவே இல்லை. உள்ளே லெக்கின்ஸ் இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டு, பழைய காட்டன் சேலையோடு இறங்கினேன். தண்ணீர் இடுப்புக்கு வந்ததுமே என் கை தானாகச் சேலைக்குப் போனது. “கை!” என்றார் மேடம். கொசுவத்தை உருவினேன். அத்தனை பேர் முன்னால், மாமியார் முன்னால். சேலை என்னைச் சுற்றிக் குடைபோல விரிந்து மிதந்தது. மல்லாந்து படுத்தேன். மூழ்கவில்லை.

மகள் மாமியார் மடியிலிருந்து இறங்கி விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா, நீ பெரிய பூ மாதிரி இருக்கே!” என்றாள். பிறகு கையால் கொஞ்சம் தண்ணீரை அள்ளி என் தலையில் ஊற்றினாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு கை அள்ளித் தன் தலையில் ஊற்றிக்கொண்டாள். மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். மேடம் எங்களைக் கவனிக்காதவர் போல, அந்தப் பக்கம் யாரையோ கொசுவத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவள் குளத்தை விட்டு ஏற மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாள். நானோ இன்றும் எதையும் பத்து முறை யோசித்துத்தான் செய்கிறேன், அது மாறவில்லை. ஆனால் மேடம் வேண்டாமென்று விட்ட அந்தப் பெரிய பதவியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அதை அவர் ஏற்றுக்கொண்டிருந்தால் இந்தச் சனிக்கிழமைகள் இருந்திருக்காது, அன்றைக்கு அந்தப் படித்துறையில் யாரும் நின்றிருக்க மாட்டார்கள். தலைக்குக் குளித்துவிட்டு என் மகள் ஈரத்தோடு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், எங்கள் வீட்டின் இந்தச் சந்தோஷத்துக்காக, எங்களை யாரென்றே தெரியாத ஒருவர் முன்கூட்டியே எதையோ விட்டுக்கொடுத்திருக்கிறார் என்ற நினைப்பு வந்து என் கண்ணை நிறைத்துவிடுகிறது.