வெயில் வளர்த்த கண்ணாயிரம்

மரக்காணத்தில் வெயிலைத் திட்டாத ஆள் ஒருவர் உண்டென்றால் அது கண்ணாயிரம்தான். சித்திரை மாதம் ஊரே ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு "இன்னா வெயில்டா சாமி" என்று புலம்பும்போது, அவர் மட்டும் மாப்பிள்ளை அழைப்புக்கு வந்தவர்போல முகமெல்லாம் பல்லாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு துண்டு மேகம் தெரிந்தால் போதும், முகம் சுண்டிவிடும். பத்திரிகை வைக்க வந்த சொந்தக்காரர் ஒருவர் பேச்சுவாக்கில் "இந்த வருசம் நல்ல மழை பேயணும்" என்று சொல்லிவிட்டார் என்பதற்காக அந்தக் கல்யாணத்துக்கே போகாமல் இருந்தவர் அவர்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. பாத்தியில் நிற்கும் உப்புத் தண்ணீரை வெயில் குடிக்கக் குடிக்கத்தான் அடியில் உப்பு பூக்கும். மழை ஒரு தரம் எட்டிப் பார்த்தால் பூத்ததெல்லாம் மறுபடி தண்ணீர். மீசை முளைத்த நாளிலிருந்து சிவப்பிரகாசம் முதலாளியின் உப்பளத்தில் கூலிக்கு உப்பு வாரியவர் கண்ணாயிரம். கணுக்கால் தோல் வெடித்து, கண் கூசிக் கூசிச் சுருங்கி, ஐம்பதைத் தாண்டிய பிறகு இந்த வருஷம்தான் முதல்முறையாகச் சொந்தமாகச் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். இந்தப் பருவம் தேறினால் அடுத்த வருஷமும் அவர் தன் பாத்தியில் நிற்கலாம். தேறாவிட்டால் பழையபடி முதலாளி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

இந்தச் சமயம் பார்த்து வெயிலைக் குறைப்பதற்கு ஒரு மீட்டிங் போட்டார்கள்.

ஏற்பாடு செய்தது வேறு யாருமில்லை, அவர் மனைவி அமராவதி தலைவியாக இருக்கும் மகளிர் குழு. பேச வந்தவர் ஆரோவில் பக்கத்திலிருந்து கீதாஞ்சலி மேடம். இடம், சிவப்பிரகாசம் முதலாளியின் ஏசி கல்யாண மண்டபம். பூமி சூடாகிறது என்பதை அங்கே இருந்தவர்கள் குளிரில் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கேட்டார்கள். கூட்டம் போதாது என்று புருஷன்மார்களையும் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பாடு உண்டு என்றதால் புருஷன்மார்களும் வந்திருந்தார்கள்.

"சும்மா எரியற ஒரு லைட்டு, சும்மா சுத்தற ஒரு ஃபேன், பக்கத்துக் கடைக்கு வண்டியில போறது, குப்பையக் கொளுத்தறது, ஒவ்வொண்ணும் பூமியச் சூடாக்குது. பூமி குளிர்றது உங்க கையிலதான் இருக்கு" என்றார் கீதாஞ்சலி.

கண்ணாயிரம் எழுந்தார். "மேடம், நெசமாவே எங்க வூட்டு லைட்ட அணைச்சா வெயில் கொறையுமா?"

"நிச்சயமா குறையும் அண்ணா. மாற்றம் உங்க வீட்டுலதான் ஆரம்பிக்குது."

எல்லோரும் கை தட்டினார்கள். கண்ணாயிரம் மட்டும் தட்டவில்லை. இவர்கள் எல்லோரும் ஒன்று சேர்ந்து லைட்டை அணைத்தால் பாத்தி என்னாவது? யோசித்துக்கொண்டே இருக்கையில் சாம்பார் வாசனை வந்துவிட்டது. மேடம் இன்னும் பாதி பேச்சைப் பேச வேண்டியிருந்தது. கண்ணாயிரம் போய் சாப்பாட்டு வரிசையில் நின்றுவிட்டார்.

சாப்பிட்டு முடித்த பெண்கள் பிளாஸ்டிக் கப்பில் பாயசம் குடித்து, கப்பை மண்டப வாசலில் போட்டுவிட்டு, சொன்னது அனைத்தையும் மறந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள். மேடத்தின் பேச்சை எழுத்துக்கு எழுத்து நம்பிய ஒரே ஜீவன் கண்ணாயிரம்தான். லைட்டை அணைத்தால் வெயில் குறையும் என்றால், போட்டால் கூடத்தானே வேண்டும்? இந்தக் கணக்கில் ஒரு பிழையும் அவருக்குத் தெரியவில்லை.

ஆனால் பூமியைச் சூடாக்குவது அவர் நினைத்த மாதிரி லேசான வேலையாக இல்லை. அதற்கான வசதி அவருக்கு அதுவரை வாய்த்ததே கிடையாது. உப்பளத்துக்கு நடைதான். குளியல் ஒரு வாளியில் முடிந்துவிடும். கடைக்குப் போனால் ஒயர் கூடை. காய்கறித் தோல் ஆட்டுக்கு, மீன் முள் பூனைக்கு. வீட்டில் இருந்தது ஒரு ஃபேன், அதுவும் மனசு வந்தால் சுற்றும். கெட்ட பழக்கங்களை எல்லாம் அவர் ஐம்பது வயதுக்கு மேல் ஆனா ஆவன்னாவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

முதலில் எல்இடி பல்பைக் கழற்றினார். "சூடே இல்லாத லைட்டு எதுக்கு ஆவும்?" என்று புதுச்சேரி வரை போய், ஒரு பழைய எலக்ட்ரிக் கடைக்காரரைப் பரண்மேல் ஏறவைத்து, குண்டு பல்புகள் வாங்கி வந்தார். மாட்டிய கையோடு தொட்டுப் பார்த்தார். விரல் சுட்டது, மனசு குளிர்ந்தது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் டீக்கடைக்கு, பக்கத்துப் பாத்திக்காரர் கன்னியப்பனின் மொபெட்டை இரவல் வாங்கிக்கொண்டு போனார். அதை உதைத்துக் கிளப்புகிற நேரத்தில் நடந்து போய் டீயே குடித்துவிடலாம். சாயங்காலமானால் தெருக் குப்பையைக் கூட்டிவந்து, இருமிக்கொண்டே, சாமிக்குத் தூபம் போடுகிற சிரத்தையோடு கொளுத்தினார்.

இதற்கு நடுவில்தான் மகளிர் குழு அவர் வீட்டுக் கதவில் 'பசுமை இல்லம்' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனது. தலைவி வீடாயிற்றே.

"ஏங்க, பட்டப்பகல்ல எதுக்குங்க லைட்டு?" என்றாள் அமராவதி.

"எரியட்டும்."

"ஆளில்லாத ரூம்ல ஃபேன் சுத்துது."

"சுத்தட்டும். பாத்திக்கு நல்லது."

அவள் அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். விளக்கிச் சொல்ல அவருக்குத் தைரியம் வரவில்லை, தலைவியிடம் போய் எப்படிச் சொல்வது?

கத்திரி பிறந்தது. அந்த வருஷ வெயிலைப் பற்றி டிவியில் தினமும் சொன்னார்கள். தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. கண்ணாயிரத்துக்குப் பெருமை பிடிபடவில்லை, எல்லாம் தன்னுடைய குண்டு பல்பு செய்கிற வேலை என்று உள்ளூர நினைத்துக்கொண்டார். கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் இருக்கத்தான் செய்தது. பஸ் ஸ்டாப்பில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவுக்கு சோடா வாங்கிக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, ஆடி பொறந்தா நிறுத்திடறேன்" என்றார். அந்த அம்மா சோடாவை வாங்கிக்கொண்டு ஓரடி தள்ளி உட்கார்ந்தாள்.

உப்பு அப்படி விளைந்தது. வாரி வாரிக் கொட்டிய குவியல் அவர் உயரத்தைத் தாண்டியது. தன் பெயரில் நிற்கும் உப்பை அவர் வாழ்க்கையில் முதல்முறையாகப் பார்த்தார். காரணமே இல்லாமல் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் அத்தனை சந்தோஷமாக இருந்து அமராவதி பார்த்ததில்லை.

"கடல் பக்கம் மேகம் ஒரு மாதிரி இருக்குது கண்ணாயிரம். தென்னங்கீத்து போட்டு மூடு" என்றார் கன்னியப்பன், தன் குவியலை மூடிக்கொண்டே.

"நான் இருக்கும்போது மழை எப்படிப்பா வரும்?" என்று சிரித்தார் கண்ணாயிரம்.

மறுநாள் மத்தியானம் மழை வந்தது. கடலிலிருந்து கறுத்துக்கொண்டு வந்து, கத்திரி முடியாத வானத்திலிருந்து கார்த்திகை மாதம்போலக் கொட்டியது. கண்ணாயிரம் போர்வையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அமராவதி கையில் கிடைத்த புடவைகளையும், மீட்டிங்குக்குக் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரையும் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். 'பூமியைக் காப்போம்' என்று கீதாஞ்சலி மேடம் சிரிக்கும் அந்த பேனர் குவியலின் ஒரு மூலைக்குத்தான் போதுமானதாக இருந்தது. மற்றதெல்லாம் அவர் கண்ணெதிரே கரைந்து, கால் விரல்களுக்கு நடுவே ஓடிப் போனது. கண்ணாயிரம் வாய்விட்டு அழுதார்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. "அத்தினி லைட்டு போட்டேனே அமராவதி, அப்புறம் எப்படி மழை வந்துது?"

அமராவதிக்கு அப்போதுதான் இரண்டு மாதக் கூத்தும் புரிந்தது. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. "சூடு ஏறினா கடல் தண்ணி ஆவியாவும், வேளை கெட்ட வேளையில மழை கொட்டும்னு மேடம் சொன்னாங்களே. அப்போ எங்க போனீங்க?"

"சாப்பாட்டு வரிசைக்கு."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இந்த மறுபாதியையும் அவர் எழுத்துக்கு எழுத்து நம்பினார். அப்படியென்றால் மழையைக் கொண்டுவந்தது அவர்தான். கன்னியப்பனின் பாத்திகளும் அழிந்திருந்தன. நேராகப் போய், "என்ன மன்னிச்சிடுப்பா, நான்தான் பண்ணேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

"போய்யா, உன் பல்புக்கு அவ்ளோ பவரா?" என்று கன்னியப்பன் சிரித்ததில் அவருக்கு ஆறுதல் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து வீடு இருட்டானது. குண்டு பல்புகள் குப்பைக்குப் போயின. ஃபேன் நின்றது. அமராவதி புழுக்கத்தில் விசிறியால் விசிறிக்கொண்டு, கதவில் இருந்த ஸ்டிக்கரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

பருவம் தப்பிய மழைக்காக அதே ஏசி மண்டபத்தில் இன்னொரு மீட்டிங் நடந்தது. வெளியே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சிவப்பிரகாசம் முதலாளியின் கார், உள்ளே சூடேறிவிடக் கூடாது என்று, ஆளில்லாமல் இன்ஜின் ஓடிக்கொண்டே நின்றது. முதலாளி முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருந்தார். அவருடைய உப்பு ஷீட் போட்ட குடோனில் பத்திரமாக இருந்தது.

"இந்த மழைக்கு யார் காரணம்? மனசாட்சியத் தொட்டுச் சொல்லுங்க" என்று உருக்கமாகக் கேட்டார் கீதாஞ்சலி.

பேச்சுக்காகக் கேட்ட கேள்வி அது. முதலாளி சால்வையைச் சரிசெய்தார். கண்ணாயிரம் கையைத் தூக்கினார்.

"நான்தாங்க மேடம்."

கீதாஞ்சலி மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்த அண்ணாவுக்கு ஒரு பெரிய கைதட்டல் குடுங்க!" என்றார். ஆள் கிடைத்துவிட்ட நிம்மதியில் மண்டபமே கை தட்டியது. முதலாளிதான் எல்லோரையும்விட ஓங்கித் தட்டினார். வெளியே வரும்போது தோளைத் தொட்டு, "நடந்தது நடந்து போச்சு. நாளையிலருந்து வந்துடுப்பா" என்றார்.

"சரிங்க மொதலாளி" என்றார் கண்ணாயிரம்.

வீட்டுக்கு வந்து தரையில் சாய்ந்தவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. அமராவதி எழுந்து போய் ஃபேனைப் போட்டாள். அவர் பதறி எழுந்தார்.

"அணைச்சிடு அமராவதி. மழை வந்துடும்."

அவள் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள். "வரட்டும். கரையறதுக்கு நம்மகிட்ட இனிமே இன்னா இருக்குது?"