காலி டப்பாக்களின் முன்னால் மூன்று மத்தியானம்

நாற்பத்தொன்பது வயதில் எனக்குள் ஒரு கலைஞன் இருப்பதை நான் உறுதிசெய்துகொண்டது மூன்று டம்ளர் நன்னாரி சர்பத்தை வைத்து. வெளியே சொல்ல வெட்கம்தான். ஆனாலும் நடந்தது அதுதான்.

விருதுநகரில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. அங்கிருந்த புகைப்படக்கலைப் புத்தகங்களை எல்லாம் படித்து முடித்தபின், செய்வதற்கு மிச்சமிருந்த ஒரே தவறு கேமரா வாங்குவது. பழைய பிலிம் கேமரா, கறுப்பு வெள்ளை ரோல், முப்பத்தாறு படம். கடைகளின் முகப்புக் கண்ணாடியைத்தான் எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். உள்ளே இருக்கும் சரக்கும் வெளியே போகும் தெருவும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும் அந்தக் கணம் வேண்டும். அதற்குத் தேர்ந்தெடுத்த ஊர் சிவகாசி. நாட்டுக்கே கலர் அச்சடித்துக் கொடுக்கும் ஊரைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கப் போன மூளையைப் பற்றி வீட்டில் ஏற்கெனவே வேண்டிய அளவு பேசியாகிவிட்டது.

ஒரு பட்டாசுக் கடை அகப்பட்டது. முகப்பில் ஆளுயரக் கண்ணாடி அலமாரி, அதற்குள் சரவெடியும் பூச்சட்டியும் சங்குசக்கரமும் டப்பா டப்பாவாகக் கோபுரம் கட்டி நின்றன. எதிர்ச்சாரியில் நின்று எடுத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸ் திறப்பையும் வேகத்தையும் நோட்டில் குறித்தேன்: எட்டு, நூற்றிருபத்தைந்து. கடைக்குள்ளிருந்து சர்பத் வந்தது. மறுநாள் சர்பத்தோடு நாற்காலியும் வந்தது. மூன்றாம் நாள் குடையும் சேர்ந்துகொண்டது. ரசனையுள்ள ஊர் என்று நினைத்தேன்.

அன்றைக்கு மேல்வரிசை டப்பாக்கள் மட்டும் பிம்பத்தைக் கெடுத்தன. கடைக்காரரிடம் போனேன்.

"அண்ணாச்சி, அந்த மேல்வரிசையை எடுத்துட முடியுமா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. அலமாரியைத் திறந்து ஒரு டப்பாவை என் முன்னால் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. இன்னொன்று. அதிலும் ஒன்றுமில்லை.

"பாத்துக்கிடுங்க சார், அம்புட்டும் காலி. வெயில் படுற எடத்துல வெடிய வைக்க நான் என்ன கோட்டிக்காரனா? பார்வைக்கு வச்ச வெறும் டப்பா!"

கல்லாவிலிருந்த அவர் மனைவியும் எழுந்து வந்தார். "கீழ்வரிசையையும் கவுத்துக் காட்டுங்க. சார் நோட்டுல எழுதிக்கிடட்டும்."

"எதுக்குக் கவுக்குறீங்க?" என்றேன்.

"நீங்க சூலக்கரையிலருந்துதான வந்திருக்கீக?" என்றார் கடைக்காரர்.

அப்போதுதான் விளங்கியது. கடையின் லைசென்ஸ் புதுப்பிக்கும் பைல் சூலக்கரை கலெக்டர் ஆபீஸில் கிடக்கிறது. ஆடி பிறந்தால் சீசன். கையில் லைசென்ஸ் இல்லையென்றால் இந்த வருஷத் தீபாவளி அவருக்கு இல்லை. அவர் கணக்கில், சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்த அதிகாரி நான்.

"மூணு நாளா எதுக்க நின்னு படம் எடுக்கீக, எழுதுதீக. கடைப்பையன எட்டிப் பாக்கச் சொன்னா எட்டுங்கான், நூத்தி இருபத்தஞ்சுங்கான். அது என்ன சரக்கு, எங்கன இருக்குன்னு நானும் குடோன் பூராத் தேடிட்டேன்."

இப்போது வெளுத்தது என் முகம். அதிகாரி என்று நம்பவைத்து சர்பத் குடிப்பதற்குச் சட்டத்தில் தண்டனை உண்டு. அந்தச் சட்டப் புத்தகம் எங்கள் நூலகத்தில் எந்த அலமாரியில் இருக்கிறது என்பதுவரை எனக்குத் தெரியும். அவசரமாக அடையாள அட்டையை எடுத்து நீட்டினேன். அவர் முன்னும் பின்னும் படித்தார்.

"லைப்ரரியா?"

"ஆமா அண்ணாச்சி."

"கவர்மெண்டு இல்லையே?"

"சத்தியமா இல்லை."

எனக்குப் போட்ட நாற்காலியை இழுத்து அதில் அவரே உட்கார்ந்தார். முதலில் பெருமூச்சு, பிறகு சிரிப்பு. தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். உட்கார இடமில்லாததால் நான் நின்றபடியே சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்து, சென்னைக்கு அனுப்பிக் கழுவி வாங்கிய படத்தோடு போனேன். கல்லாவுக்கு மேலே புது லைசென்ஸ், கண்ணாடிச் சட்டத்துக்குள், மாலையோடு. எனக்கே கிடைத்த மாதிரி நெஞ்சு லேசானது. படத்தை எடுத்துக் கொடுத்தேன். டப்பாக் கோபுரம், அதை ஊடுருவிப் போகும் பஸ், நடுவில் குடையும் நாற்காலியுமாக நான்.

வெகுநேரம் பார்த்தார். டப்பா லேபிளை நாலு கலராக ஒவ்வொன்றாய் ஓட்டும் மாதிரி அச்சுகளைப் பார்த்துப் பழகிய கண்.

"கறுப்புப் பிளேட் நல்லா விழுந்திருக்கு சார். மத்த மூணு கலரும் எப்ப ஓட்டுவாக?"

"இவ்வளவுதான் அண்ணாச்சி. இதுதான் படம்."

அவர் படத்தை மனைவியிடம் நீட்டினார். அந்தம்மா படத்தைப் பார்த்தார், லைசென்ஸை நிமிர்ந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதுக்கு வெறும் தண்ணியே குடுத்திருக்கலாம்."